புண், சீழ், வீக்கம்: பச்சிலை எதுவரை போகும்

விருத்தாசலத்துப் பீங்கான் வேலை, கையும் காலும் மண்ணிலேயே கிடக்கிற வேலை. களிமண்ணை அரைத்துக் கரைத்து அச்சில் ஊற்ற வேண்டும்; பிசிறு சீவிக் காயவைக்க வேண்டும்; மெருகு பூசி, ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூளையில் சுட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய காயம் ஒன்று உண்டு. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய விரலிடுக்கு வெடிக்கும். உடைந்த சில்லு உள்ளங்கையைக் கிழிக்கும். சூளை வாயருகே முழங்கை சுடும். ஊரைச் சுற்றி முந்திரித் தோப்பு. அங்கே கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களில் ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் கருகி உரியும். இந்தச் சின்னக் காயங்களுக்கு வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் வெட்டுக்காயப் பூண்டும் உடனே கைக்கு வரும். அவற்றை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒரு செடியில் இருக்கும் பொருள் பாக்டீரியாவைக் கொல்லுமா என்று கேட்பது பாதிக் கேள்வி. கொல்லும் அளவுக்கு அது கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா என்பது மறுபாதி. நம் ஊரில் முதல் பாதியைக் கேட்பவர்கள் நிறையப் பேர். இரண்டாவதைக் கேட்காததால்தான் காலில் சீழ் பிடித்தவர் பத்து நாள் பற்றுப் போட்டுவிட்டு, காய்ச்சல் நடுக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.

மஞ்சளை வைத்தே கணக்குப் பார்ப்போம். மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு. ஒரு தேக்கரண்டி தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் குர்க்குமின் இருக்கும். புண்ணிலும் கட்டியிலும் சீழ் வைக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைச் சோதனைக்கூடத்தில் அடக்குவதற்கு, பெரும்பாலான சோதனைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்கு மேல் குர்க்குமின் தேவைப்பட்டிருக்கிறது. தைவானில் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் தூய குர்க்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளியானது. அவ்வளவு கொடுத்தும், உச்ச நேரத்தில்கூட ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு மைக்ரோகிராம் அளவை அது எட்டவில்லை. குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சத்தையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. ஒரு டம்ளர் மஞ்சள் பால் குடித்துவிட்டு, காலில் உள்ள சீழ்க்கட்டி கரையும் என்று காத்திருப்பது இந்தக் கணக்கில் எப்படியும் அடங்காது.

அதே மஞ்சளைக் குழைத்துத் தோலின் மேல் வைத்தால் நிலைமை வேறு. அங்கே ஈரலும் இல்லை, குடலும் இல்லை. வைத்த இடத்தில் வைத்த அளவு அப்படியே நிற்கிறது. வாய்க்கும் தொண்டைக்கும் இதே நியாயம் பொருந்தும். செடியின் பொருள் நேரடியாகப் படுகிற இடங்கள் அவை. அதனால் இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: தோலுக்கும் வாய்க்கும் பச்சிலை துணை நிற்கும்; இரத்தம், நுரையீரல், சிறுநீரகம், எலும்பு என்று கிருமி உள்ளே இறங்கிவிட்டால் அது டாக்டரின் எல்லை.

மிளகு சேர்த்தால் மஞ்சள் உடம்பில் பிடிக்கும் என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. மிளகிலுள்ள பைப்பரின் குர்க்குமினின் அளவை இரத்தத்தில் இருபது மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். ஆனால் மிகச் சிறிய ஒன்றின் இருபது மடங்கும் சிறியதே. அதோடு, பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். வலிப்பு மருந்தோ காசநோய் மருந்தோ சாப்பிடுகிறவர்கள் மஞ்சள்-மிளகு மாத்திரையைத் தாங்களாக வாங்கி விழுங்கக்கூடாது. சாம்பாரிலும் ரசத்திலும் போடுவதைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம்.

1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவர், புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அந்த வெற்றியில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அது மஞ்சள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு. மஞ்சள் எந்தப் புண்ணை, எத்தனை நாளில், எந்த அளவில் ஆற்றும் என்பதை அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மருந்துக்கடைகளும் விளம்பரங்களும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

வெட்டுக்காயம்

கையைச் சில்லு கிழித்துவிட்டதா? முதலில் ஓடும் தண்ணீர், பிறகு சோப்பு, மறுபடியும் தண்ணீர். ஐந்து நிமிடமாவது கழுவ வேண்டும். காயத்துக்குள் களிமண் ஒட்டியிருந்தால் அது போகும்வரை கழுவுங்கள். கண்ணில் படாத நுண்ணிய சில்லு உள்ளே நின்றுவிட்டால், மேலே எந்த இலையை வைத்தாலும் சீழ் வைத்தே தீரும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான காயங்களில் இரத்தம் நின்றுவிடும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது.

வெட்டுக்காயப் பூண்டைக் கிணற்றடிப் பூண்டு, தாத்தாப் பூச்செடி என்றும் சொல்வார்கள். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து இங்கே வேலியோரமெல்லாம் பரவிவிட்ட செடி அது. அதன் சாறு இரத்தம் உறைவதை விரைவாக்கும் என்றும் புண்ணை மூடவைக்கும் என்றும் விலங்குகளில் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. என்னுடைய தயக்கம் வேறு இடத்தில். சாக்கடையோரம் பறித்து, கையில் கசக்கி, அப்படியே திறந்த காயத்தில் பிழிகிற இலையோடு மண்ணும் சேர்ந்தே போகிறது. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துக்கள் இருக்கும். கொதிக்கும் நீரைக்கூடத் தாங்கி நிற்கிற அந்த வித்துக்களை எந்த இலைச்சாறும் எதுவும் செய்யாது. ஆகவே மேலோட்டமான சிராய்ப்பென்றால், வீட்டுத் தொட்டியில் வளர்த்த செடியைப் பறித்து நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். ஆழமான காயத்தில் வேண்டாம். சாணம், சாம்பல், சூளை மண், காப்பித்தூள் இவை எந்தக் காயத்திலும் படவே கூடாது.

மஞ்சள் வைப்பதானால் கடைத்தூளைத் தவிருங்கள். கடைத்தூளில் மெட்டானில் மஞ்சளும் ஈயக் குரோமேட்டும் நிறத்துக்காகக் கலக்கப்படுவது உண்டு. விரலி மஞ்சளைக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் உரைகல்லில் இழைத்தெடுங்கள். குர்க்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடுவது நம் வீடுகளில் தற்செயலாக வந்த வழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டி, சிரங்கு, விரலிடுக்குப் புண்

வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்தரைத்த விழுது நன்றாகப் பலன் தருகிற இடம் இதுதான். 1992-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் சொறி சிரங்கு வந்த 814 பேருக்கு இந்த விழுதைப் பூசினார்கள். 3 முதல் 15 நாட்களுக்குள் நூற்றுக்கு 97 பேருக்குக் குணமானது என்று எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை அவர்கள் வைக்கவில்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே முழுமையாக ஏற்க முடியாது. சிரங்கை உண்டாக்குவது பாக்டீரியாவும் அல்ல, ஒரு சிறு உண்ணி. சொறிந்த இடத்தில் பிறகு ஏறிக்கொள்வதுதான் பாக்டீரியா. இருந்தும், கையிலிருக்கும் பொருளை வைத்து இவ்வளவு பேரிடம் முயன்று பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதே மதிக்கத்தக்க வேலை. வீட்டில் ஒருவருக்குச் சிரங்கென்றால் எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். துணியும் பாயும் வெயிலில் காய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மருந்துக்கடைப் பெர்மெத்ரின் களிம்பும் தோற்கும்.

பழுக்காத கட்டிக்கு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் துணி ஒத்தடம் நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுங்கள். அதன் பிறகு விழுதுப் பற்று போடலாம். மூக்கிலோ மேலுதட்டிலோ வந்த கட்டியைப் பிதுக்கவே கூடாது. அங்கிருந்து நாளங்கள் வழியே தொற்று மூளைப் பக்கம் ஏற வழி இருக்கிறது.

களிமண் ஈரத்தில் நிற்பவர்களின் கால் விரலிடுக்கு வெடிப்பைத்தான் நான் மிகவும் பயத்தோடு பார்க்கிறேன். யானைக்கால் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஏற்கெனவே கால் வீங்கியவருக்கு, விரலிடுக்கின் ஒரு சிறு வெடிப்பு வழியே பாக்டீரியா நுழைந்தால் கால் முழுக்கச் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிடுவார். ஒவ்வொரு முறை இப்படிப் படுத்தெழும்போதும் வீக்கம் இன்னொரு சுற்றுக் கூடும். இதற்குத் தடுப்பு மிக எளிது: வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்காக ஈரம் போகத் துடைப்பது. வேப்பிலை கொதித்த நீரில் கழுவலாம், கெடுதல் இல்லை. ஆனால் கழுவுவதை விடவும் துடைப்பது முக்கியம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெந்நீரில் கால் வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்குக் காலில் எந்தப் புண் வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முந்திரி ஓட்டின் எண்ணெய்

நம் வட்டாரத்துப் பொருள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முந்திரி ஓட்டிலும் பழத்திலும் இருக்கும் அனகார்டிக் அமிலங்கள் இயற்கையில் கிடைக்கும் வலுவான பாக்டீரியா எதிர்ப்புப் பொருள்களில் சேரும். கலிபோர்னியாவில் பெர்க்லியில் இசாவோ குபோ என்ற ஆய்வாளரின் குழு 1990-களில் இவற்றைப் பிரித்தெடுத்து, பல் சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவையும் முகப்பருவோடு தொடர்புள்ள பாக்டீரியாவையும் மிகக் குறைந்த அளவிலேயே அவை கொல்வதைக் காட்டியது. இதன் அடிப்படை அமைப்பு சாலிசிலிக் அமிலம். ஆஸ்பிரினின் தாய்ப்பொருள் அதுதான். அதில் பதினைந்து கார்பன் நீளமுள்ள ஒரு வால் ஒட்டியிருக்கிறது. அந்த வால்தான் பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து கலைக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஓட்டெண்ணெயை எடுத்துப் பல்லிலோ பருவிலோ தடவக்கூடாது. பாக்டீரியாவின் சவ்வைக் கலைக்கிற அதே எண்ணெய் நம் தோலையும் வெந்துபோக வைக்கும். அதிலுள்ள கார்டால் முதலிய கூட்டாளிப் பொருள்கள் கொப்புளம் எழுப்புபவை. முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவதன் காரணம் அதுவே. சோதனைக்கூடத்தில் ஒரு பொருள் கிருமியைக் கொன்றது என்ற செய்தி வந்தால், மனிதத் தோலை அது என்ன செய்யும் என்று இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கு நம் ஊர் முந்திரியே போதுமான பாடம்.

சூளைச் சூடு பட்டால்

இருபது நிமிடம் ஓடும் குழாய் நீர். பட்ட நொடியில் தொடங்குவது நல்லது. தாமதமானாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் இருக்கிறது. ஐஸ்கட்டி வேண்டாம். மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். மஞ்சள், மாவு, பற்பசை, பேனா மை எதுவும் பூச வேண்டாம். காயத்தின் ஆழத்தை டாக்டர் பார்க்க முடியாமல் அவை மறைத்துவிடும்.

நீர் ஊற்றிச் சூடு தணிந்த பிறகு, தோல் சிவந்து மட்டும் இருந்தால் சோற்றுக்கற்றாழைச் சோறு தடவலாம். நான்கு ஆய்வுகளின் 371 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2007-இல் வந்தது. கற்றாழை பூசியவர்களுக்கு ஏறத்தாழ ஒன்பது நாள் முன்னதாகக் காயம் ஆறியது என்று அது சொன்னது. அந்த ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை. ஆனாலும் சின்னச் சூட்டுக்காயத்துக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரிதான். அந்தப் பாலில் உள்ள அலாயின் தோலை எரிக்கும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும். நோயாளியின் உள்ளங்கை அளவைவிடப் பெரிய காயம், முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் பட்டது, மின்சாரம் தாக்கியது, வெளுத்தோ கருகியோ வலி தெரியாமல் போனது, இவை எல்லாமே நேராக ஆஸ்பத்திரிக்கு.

வாய், ஈறு, தொண்டை

இங்கே செடிகளுக்கு நல்ல சான்று இருக்கிறது. திரிபலாக் கஷாயத்தால் வாய் கொப்பளித்தவர்களையும் பல் டாக்டர்கள் தரும் குளோர்ஹெக்சிடின் நீரால் கொப்பளித்தவர்களையும் ஒப்பிட்ட பல இந்திய ஆய்வுகளில், பற்காரை குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடுக்காயிலும் நெல்லிக்காயிலும் உள்ள டானின்கள் பாக்டீரியாவின் புரதங்களைப் பிடித்து உறையவைக்கின்றன. வேலம்பட்டைப் பல்பொடியின் துவர்ப்பும் இதே சரக்குதான். ஒரு தேக்கரண்டி திரிபலாச் சூரணத்தை ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடித்து, ஆறியபின் காலையும் இரவும் ஒரு நிமிடம் கொப்பளிக்கலாம். பல்லில் கறை ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் வலியையும் மரக்கவைக்கும், கிருமியையும் அடக்கும். பல் டாக்டர்களே துத்தநாக ஆக்சைடோடு கலந்து அதைப் பல்லில் வைக்கிறார்கள். ஆனால் சொத்தைப்பல்லின் வேரில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கிவிட்டால் கிராம்பு வலியை மறைக்கும், சீழ் அப்படியே உள்ளே இருக்கும். வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, கழுத்துவரை வீக்கம் இறங்குகிறது என்றால் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்துக்கு இறங்கிய சீழ் மூச்சை அடைக்கும்.

நீரடிமுத்து சொல்லும் கதை

செடிக்கும் பாக்டீரியாவுக்கும் நடந்த மோதலில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்று தொழுநோய். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரடிமுத்து மரத்தை மலையாளத்தில் மரோட்டி என்பார்கள். இந்த மரத்தின் விதையிலும் இதன் இனத்து மரங்களின் விதையிலும் எடுத்த எண்ணெய்தான் பல நூற்றாண்டுகள் தொழுநோய்க்கு மருந்தாக இருந்தது. குடித்தால் குமட்டல், ஊசியில் ஏற்றினால் வலி. 1915 வாக்கில் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் அதை ஊசியில் செலுத்தும்படி மாற்றினார். பிறகு சல்ஃபோன் மருந்துகள் வந்தன. செங்கல்பட்டுத் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் 1940-களின் பிற்பகுதியில் அவற்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நீரடிமுத்து எண்ணெய் மெல்ல ஒதுங்கியது. 1982-இலிருந்து மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை வந்து, இன்று தொழுநோய் குணமாகும் நோய்.

கதை அதோடு முடியவில்லை. 2000-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸும் கிம் லூயிஸும் வேறொன்றைக் கண்டார்கள். நம் மரமஞ்சளில் இருப்பது பெர்பெரின். பெர்பெரிஸ் இனப் புதர்களிலும் அதுவே உண்டு. பாக்டீரியா அதை உள்ளே விட்டாலும் ஒரு பம்ப் வைத்து உடனே வெளியே இறைத்துவிடும். பெர்பெரிஸ் செடியிலேயே இன்னொரு பொருள் இருந்தது. அதற்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் திறமை இல்லை. அந்தப் பம்பை அடைப்பதே அதன் வேலை. இரண்டும் சேர்ந்ததும் பெர்பெரின் பலமடங்கு வலுவானது. பம்பை அடைக்கும் அந்தப் பொருள் முன்னரே அறியப்பட்டிருந்தது, நீரடிமுத்து வகை எண்ணெயின் சிறு கூறாக. செடியிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்துச் சோதித்துவிட்டுச் சக்தி இல்லை என்று தள்ளுவது அவசரம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சோதிக்காமலே சக்தி உண்டு என்று நம்புவதும் அதே அளவு அவசரம்தான்.

வீக்கமும் மூட்டுவலியும்

எல்லா வீக்கமும் கிருமியால் வருவதில்லை. சக்கரத்தில் குனிந்து உட்காருவோரின் முழங்கால், சுமை தூக்குவோரின் தோள், இவை தேய்மானமும் அழற்சியும் சேர்ந்த வலி. இங்கே மஞ்சளுக்குக் கிடைத்த சான்று புண்ணுக்குக் கிடைத்ததைவிட மேல். தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாரமும் மறுபாதிக்கு 1,200 மில்லிகிராம் ஐபுபுரூஃபெனும் நான்கு வாரம் கொடுத்தார்கள். 2014-இல் வெளியான முடிவில் வலி குறைவது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது; வயிற்று உபாதை மஞ்சள் பக்கம் குறைவு. கொடுத்தது பிரித்தெடுத்த சாரம், சமையல் மஞ்சள் அல்ல. நொச்சி இலை ஒத்தடமும் முடக்கத்தான் தோசையும் உங்கள் வீட்டில் இதம் தருகின்றன என்றால் விட வேண்டியதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மஞ்சள் சாரத்தை டாக்டரிடம் கேட்டபின் தொடங்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

பீங்கான் தூசியால் வரும் நுரையீரல் அழற்சியை இதோடு சேர்க்கவே முடியாது. சிலிக்காத் துகள் நுரையீரலில் போய்த் தங்கிவிட்டால் அங்கே நடப்பது நிரந்தரத் தழும்பு. அதைக் கரைக்கும் மூலிகையும் இல்லை, மாத்திரையும் இல்லை. சிலிக்கா உள்ள நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். ஆடாதோடையின் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் சளி மருந்தான புரோம்ஹெக்சின் உருவானது. சளியை இளக்குவதில் அந்தச் செடிக்கு உரிய இடம் உண்டு. ஆனால் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை வைத்துவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். தூசியை அடக்குவது ஈரத்தில் வேலை செய்வதும் தகுந்த முகமூடியும்தான். பட்டறை முதலாளிகளிடம் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொட வேண்டாம். அது கருப்பையைச் சுருங்கவைக்கும்.

குடிக்கும் மருந்தில் எச்சரிக்கை

செடி என்பதால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. வேப்பெண்ணெய் புகட்டிய கைக்குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் தாக்கப்பட்டதை மலேசிய டாக்டர்கள் 1981-இல் பதிவு செய்தார்கள். வேப்பெண்ணெயை மேலே தடவலாம். குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூட உள்ளே கொடுக்கக்கூடாது. குப்பைமேனிச் சாறு தோலுக்கு நல்லது. ஆனால் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தவர்களில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996-இல் எழுதினார்கள். சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் அதுதான் அறிகுறி.

நிலவேம்புக் குடிநீர் டெங்குக் காலத்தில் தமிழ்நாடெங்கும் வழங்கப்பட்டது. 5 கிராம் சூரணத்தை 200 மில்லிலிட்டர் நீரில் போட்டு 50 மில்லிலிட்டராகச் சுண்டவைத்து வடிகட்டி, மூன்று மணி நேரத்துக்குள் குடிப்பது முறை. காலையில் காய்ச்சியதை மாலைவரை வைத்தால் அதிலேயே கிருமி வளரும். டைபாய்டும் எலிக்காய்ச்சலும் பாக்டீரியா நோய்கள், அவற்றுக்கு இது மருந்தாகாது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கஷாயத்தையும் எண்ணெயையும் வைக்கிற ஜாடியையும் கவனிக்க வேண்டும். புளிப்பும் துவர்ப்பும் உள்ள மருந்து அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும். பீங்கான் ஜாடியே சிறந்தது, அது கிடைப்பதற்கு நம் ஊரைவிட வசதியான ஊரும் இல்லை. ஆனால் உணவுக்கென்று செய்த ஜாடிதானா என்று கேட்டு வாங்குங்கள். அலங்காரப் பொருள்களின் பளபளப்பான மெருகில் ஈயம் இருக்கக்கூடும். புளிப்புப் பட்டால் அது மருந்துக்குள் இறங்கும். மெருகில் மயிரிழை விரிசல் ஓடிய ஜாடியையும் மருந்துக்கு வைக்காதீர்கள்.

மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை எடுத்து இரண்டு வேளை விழுங்குவதும் பற்றுப் போட்டுக் காலம் கடத்துவதைப் போலவே கெடுதல். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத என்.டி.எம்.-1 பாக்டீரியாக்களைப் பற்றி 2010-இல் உலகுக்குச் சொன்ன ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்தக் கிருமிகள் சென்னை நோயாளிகளிடமும் கிடைத்தன. சின்னச் சிராய்ப்புக்கும் ஈறு வீக்கத்துக்கும் சோப்பு, தண்ணீர், மஞ்சள், திரிபலா போதும். அப்படி நடந்துகொண்டால், பெரிய தொற்று வரும்போது ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, சிவந்த கோடு மேலேறுகிறதா, காய்ச்சல், குளிர் நடுக்கம், குழப்பமான பேச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பற்றுப் போட்டிருந்தால் என்ன இலை என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா, மண் பட்ட காயமானால் ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா என்று உங்கள் பட்டறையில் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் இந்த வாரமே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.